கதியால் தெளிவாக விழுந்த படம்

மச்சான்,

இன்று காலை பக்கத்து வளவில் வேலி அடைக்கிறார்கள். வேலிக்கு நடுகிற பச்சைக் கிளுவைக் கதியால்களைத் தறித்த மணம் ஏறியதும் யன்னலைச் சாத்தினேன். ஒன்பது வருடமாகியும் அந்த மணத்தோடு உன் இரத்தமும் சேர்ந்தே வருகிறது.

பெரிய கடைக்குக் கமரா வாங்கப் போனோமே, நீ மடிக்கிற கமராவிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஓடுற ஆளையும் பிடிக்குமாம், உதையே எடுப்பம்" என்றாய். நான்தான் பெரிய கெட்டிக்காரன்போல, "பழகத் தொடங்கிற எங்களுக்குப் பெட்டிக் கமரா காணும். ஆக்கள் ஆடாமல் நிண்டால் சரி" என்றேன். நீ விட்டுக்கொடுத்தாய். உன் மனைவியை, என் தங்கையை, முற்றத்தில் நிறுத்தி வைத்தே படம் பிடிக்கப் பழகினோம். முதல் சுருளில் பாதிப் படங்களில் அவளுக்குத் தலை இல்லை. "வெயில் முதுகிலை விழவேணும், மூச்சைப் பிடிக்கவேணும்" என்று மந்திரம்போலச் சொல்லித் திரிந்தாய்.

பிறகு அந்த வேலி. ஒவ்வொரு அடைப்புக்கும் அயலவன் உன் காணிக்குள் கொஞ்சம் நகர்ந்து ஒரு சாண் தின்றுவிட்டான். "திரும்ப அடைக்க முன்னம் பழைய கதியால் நிக்கிற இடத்தைப் படம் எடுப்பம். வழக்குப் போட்டால் கோட்டிலை காட்டலாம்" என்றாய். நீ கதியால்களைக் கையால் காட்டி நின்றாய். நான் கமராவை வயிற்றோடு அணைத்துக் குனிந்தேன். வேலி ஓலை பிரிந்திருந்த பொட்டுக்குள்ளால் அவன் கொடுவாக் கத்தியோடு பாய்ந்தான்.

"மச்சான், உவனைப் பிடி!" என்று கத்தினாய்.

எனக்கு நேரே வெயில். மூன்று அடி சுற்றிப் போய், வெயிலை முதுகில் வாங்கி, மூச்சைப் பிடித்து விசையை அமத்தினேன். படம் இருந்தால் அவன் தப்பமாட்டான் என்று நினைத்தேன், பாவி. முதல் வெட்டு உன் தோளில், அடுத்தது கழுத்தில். வேலியைப் பிடித்தபடியே சரிந்தாய். ஓலை முழுக்க இரத்தம்.

படத்தில் கதியால்களை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. வெட்டியவனின் முகமும் கையும் வெறும் புகை. செத்தவனின் மச்சான்காரன் என்று என் சாட்சி எடுபடவில்லை. "வெட்டு விழுந்தபோது நீர் என்ன செய்தீர்?" என்று அவனுக்காக வழக்காடிய அப்புக்காத்து கேட்டார். "வெயில் பார்த்தேன்" என்றேன். கோடே சிரித்தது. அவன் விடுதலையானான். அன்றே கமராவை உலக்கையால் இடித்துத் தூளாக்கினேன். அதே படத்தைக் காட்டித்தான் காணி வழக்கில் உன் ஒரு சாண் திரும்பி வந்தது. தங்கை அதில் ஒரு கீரைப் பாத்திகூடப் போடுவதில்லை.

அவனை வீதியில் கண்டால் கழுத்தை நெரிக்க இன்றும் கை துடிக்கிறது. ஆனால் யாரோடு கதைக்க நின்றாலும் என் கால்கள் தாமாகவே சுற்றிப்போய் வெயிலுக்கு முதுகைக் காட்டுகின்றன. அந்த மூன்று அடியை நான் உன் பக்கமாக வைத்திருக்கவேண்டும், மச்சான்.