பதினான்காம் அத்தியாயத்தில் இறந்தவன்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
நவம்பர் 19

அன்பு மகன் ஜோசப் ஆனந்துக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று பெரிய மாமா போனில் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன், நீ சொல்லி அல்ல. வாட்ஸப்பில் நான் அனுப்புவதற்கெல்லாம் நீல டிக் விழுகிறது, பதில்தான் விழுவதில்லை. அதனால் தபாலாபீசுக்கு நடந்துபோய் கவர் வாங்கிவந்து கடிதமாகவே எழுத உட்கார்ந்துவிட்டேன். கடிதத்தில் டிக் கிடையாது, நீ படித்தாயா இல்லையா என்று நான் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டாம் பார். பிரான்சில், உன் லெ ஆவ்ர் துறைமுகத்தில் இப்போதே குளிர் பிடித்துக்கொண்டதாமே, கன்டெய்னர் யார்டில் நிற்கும்போது காதை மூடிக்கொள், சின்ன வயதிலிருந்தே உனக்குக் காதில்தான் முதலில் வலி வரும். மாமா வீட்டில் இருக்கிறோம் என்று சாப்பிடக் கூச்சப்படாதே, அத்தை கேட்டுக் கேட்டுப் போடுகிறவள் இல்லை, நீயாகத்தான் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

அப்பாவுக்குக் கால் கட்டைவிரல் புண் ஆறிவிட்டது, பெரிய ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு நாள் கட்டுப் போட்டார்கள், பஸ்ஸில் நான்தான் கூட்டிக்கொண்டு போய்வந்தேன். சர்க்கரைதான் இறங்க மாட்டேன் என்கிறது, அவரும் பலகாரத்தை விட மாட்டேன் என்கிறார். இந்த வருடம் மழை சீக்கிரமே பிடித்துவிட்டது, சந்தில் முழங்கால் வரை தண்ணீர் நின்று இப்போதுதான் வடிந்தது. இதெல்லாம் சொல்லத்தான் கடிதம் என்று நினைக்காதே. சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கே பயமாக இருப்பதால் சுற்றிக்கொண்டு வருகிறேன். அடுத்த வீட்டு மணியம்மா அத்தையைப் பற்றித்தான்.

பதின்மூன்று மாதம் ஆகிவிட்டது ஜோசப். நீயும் அவள் மகன் இளம்பரிதியும் ஒரே கப்பலில் போனீர்கள், நன்னம்பிக்கை முனையைத் தாண்டும்போது முன் டெக்கில் எதையோ இறுக்கிக் கட்டப் போன இடத்தில் அலை அவனை அடித்துக்கொண்டு போனது, ஒன்றரை நாள் தேடியும் கிடைக்கவில்லை என்று கப்பல் கம்பெனியிலிருந்து தாள் வந்தது. கிடைக்கவில்லை என்றுதான் தாளில் இருக்கிறது, இறந்தான் என்று இல்லை. உன் மணியம்மா அத்தை அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பரிதியின் பழைய போன் நம்பர் செத்துவிடக் கூடாது என்று இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை கடைக்குப் போய் ரீசார்ஜ் செய்கிறாள். மருமகள் கவிநிலா தினம் பூ வைத்துப் பொட்டு வைத்துத்தான் வேலைக்குக் கிளம்ப வேண்டும், வைக்காவிட்டால் வாசலைத் தாண்ட விடுவதில்லை. உடம்பு கிடைக்காவிட்டாலும் கடற்கரையில் வைத்துக் காரியம் செய்துவிடலாம் என்று கவிநிலாவின் அண்ணன் இனியவன் வந்து பக்குவமாகத்தான் சொன்னார், அத்தை துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை விரட்டினாள். அந்த வீட்டில் யாரும் அழக் கூடாது. புருஷனைப் பறிகொடுத்த இருபத்தாறு வயதுப் பெண் தட்டாஞ்சாவடி கம்பெனியில் பாத்ரூமில் நின்று அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை மாவு வாங்க வந்தது போல நம் வீட்டுக்கு வருவாள், வந்து சமையல்கட்டில் உட்காருவாள், அப்பா எழுந்துபோய் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார், அவள் அழுகை அடுத்த வீட்டுக்குக் கேட்காமல் இருக்க. கல்லறைத் திருநாளன்று என்னோடு உப்பளம் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தாள், தாத்தா கல்லறையில் நான் மெழுகுவத்தி ஏற்றியதும் ஒன்று தாங்கம்மா என்று கேட்டு வாங்கி, பெயரெல்லாம் அழிந்துபோன யாரோ ஒருவருடைய கல்லறையில் ஏற்றி வைத்தாள். பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை எனக்கு.

இதற்கெல்லாம் காரணம் யார் என்று நினைக்கிறாய், கடல் என்றா? நான்தான். என் கதைதான். நீ கேட்டு வளர்ந்த கதைதான் என்றாலும் அது எழுதப்பட்ட விதம் உனக்கு முழுதாகத் தெரியாது, இப்போது சொல்கிறேன். நூலகத்தில் பழைய பிரெஞ்சுப் புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்கும் வேலையில் இருந்தபோது, கப்பல் ஓட்டிய கப்பித்தேன்கள் எழுதி வைத்த பயணக் குறிப்புகளை மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்துப் படித்துத்தான் எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. பிரெஞ்சுக் கம்பெனிக் காலத்தில் இங்கே கரையிலிருந்து மொரீசியஸ் தீவுக்குப் போகும் லா ஃபிதேல் என்று ஒரு பாய்மரக் கப்பல், அதில் பாய்மரம் ஏறும் மலையப்பன், அவன் கூட்டாளி பிலிப்பு, இங்கிலீஷ்காரன் கப்பலோடு பீரங்கிச் சண்டை என்று நம் ஊர் மாதப் பத்திரிகையில் இரண்டு வருடம் எழுதினேன். பொம்பளை எழுதிய கப்பல் கதையை எவன் படிப்பான் என்று ஆசிரியர் சொன்னதால் யூஜின் என்று உன் அப்பா பெயரைப் போட்டார்கள். மில்லில் அவரை எல்லாரும் கப்பித்தேன் கப்பித்தேன் என்று கூப்பிட்டு மானத்தை வாங்கினார்கள். காயலில் படகு ஏறினாலே வாந்தி எடுக்கிற மனுஷன்.

அந்தக் கதையில் மலையப்பன் இறந்துவிட்டான், ஜோசப். பதினான்காம் அத்தியாயத்தில், நன்னம்பிக்கை முனைப் புயலில், மேல் பாயைச் சுருட்டப் போய்க் கடலில் விழுந்து இறந்தான். நான் அப்படித்தான் எழுதினேன், அச்சிலும் அப்படித்தான் வந்தது. அடுத்த வாரமே ஒரு பை நிறையப் போஸ்ட் கார்டு வந்து இறங்கியது. நெல்லித்தோப்பிலிருந்து ஒரு அம்மாள் மலையப்பனுக்காக ஒருநாள் முழுக்கப் பட்டினி கிடந்தேன் என்று எழுதியிருந்தாள். அவனை எழுப்பித் தரலேன்னா பத்திரிகை படுத்துடும்மா என்று ஆசிரியர் வீட்டுக்கே வந்து நின்றார். எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துபோனது, பொய் சொல்லவில்லை, ஒருத்தன் சாவுக்கு ஊரே அழுகிறது என்றால் எழுதுகிறவளுக்கு வேறு என்ன வேண்டும். எழுப்பினேன். உடைந்த மூடிப்பலகை ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆறு நாள் மிதந்தான், எதிரிக் கப்பல் தூக்கிப்போட்டுச் சிறையில் வைத்தது, ஏழு வருடம் கழித்து வீட்டுக்கு வந்தான் என்று முடித்தேன். பிறகு எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து நீல ரெக்ஸின் அட்டை போட்டு பைண்டு செய்தபோது, இறந்ததாக இருந்த இரண்டு பக்கத்தை எடுத்துவிட்டேன். உனக்கும் பரிதிக்கும் நான் மாடிப்படியில் உட்கார வைத்துப் படித்துக் காட்டியது அந்தப் புத்தகத்தைத்தான். பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு மணியம்மாவும் கேட்டாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாதே தவிர, கேட்டதை ஒரு எழுத்து விடாமல் வைத்திருப்பவள். நீ முதல் கப்பல் போய்வந்த லீவில், அந்தத் தண்ணியில அரை மணி நேரம்கூடத் தாங்காதும்மா, நீ ஆறு நாள் மிதக்க விட்டிருக்க என்று சொல்லிச் சிரித்தாய், நானும் சேர்ந்து சிரித்தேன். மணியம்மா மட்டும் சிரிக்கவில்லை, அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

அதில் பிலிப்பு ஒரு காரியம் செய்வான், உனக்கு ஞாபகம் இருக்கும். கப்பலில் ஒருத்தன் இறந்தால் அவன் பெட்டியைப் பாய்மரத்தடியில் வைத்து ஏலம் போடுவது அந்தக் காலத்து வழக்கம். பிலிப்பு அந்தப் பெட்டியை ஏலத்துக்கு விடாமல் தானே எடுத்து வைத்துக்கொள்வான், ஊருக்கு வந்து மலையப்பனின் தாயிடம் கொடுக்கவும் மாட்டான், அவள் முகத்திலேயே விழிக்க மாட்டான். ஏனென்றால் மலையப்பன் உயிரோடு இருக்கிறான் என்று அவன் மனதுக்குத் தெரியும், பெட்டியைக் கொடுத்துவிட்டால் அவன் செத்ததாக ஆகிவிடும். இதை எழுதி முடித்த அன்று நான் மூன்று தடவை எனக்கே படித்துக் காட்டிக்கொண்டேன், அவ்வளவு கர்வம்.

கம்பெனி அனுப்பிய பரிதியின் பை கூரியரில் வந்தபோது அத்தை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பினாள். வேலைக்குப் போடும் பாய்லர் சூட் இரண்டு, ஷூ, சார்ஜர், பரிதி தன் குழந்தைக்கு வாங்கிய பொம்மை. அவன் கப்பலுக்கு எடுத்துப்போன நீல அட்டைப் புத்தகம் மட்டும் இல்லை. என்னைப் பார்த்து ஒரு மாதிரி மலர்ந்த முகத்தோடு சொன்னாள், பொஸ்தகம் வரல பாத்தியா ஸ்டெல்லாக்கா, ஜோசப்பும் வரல, பிலிப்பு மாதிரி அவந்தான் எடுத்து வச்சிக்கினு இருக்கான், என் புள்ள இருக்கான் அதான் இவன் என் மூஞ்சில முழிக்கல என்று. நீ வராமல் இருப்பது வெட்கத்தாலோ பயத்தாலோ என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அவளுக்கு நீ வராததுதான் அத்தாட்சி. கப்பலைவிட்டு இறங்கியவன் வீட்டுக்கு வராமல் நேரே மாமாவிடம் போய் உட்கார்ந்தாயே, நீ தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் அவளுக்கு நம்பிக்கை ஏறிக்கொண்டே போகிறது. உன் மேல் எனக்குக் கோபம்தான். அதைவிட என் மேல் கோபம்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மனதைக் கல்லாக்கிக்கொண்டு பழைய கையெழுத்து நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். மலையப்பன் முதலில் செத்துத்தான் போனான், பத்திரிகை விற்க வேண்டும் என்று நான்தான் எழுப்பினேன், புத்தகத்திலிருந்து எடுத்துவிட்ட இரண்டு பக்கம் இதுதான் என்று சொல்லிப் படித்துக் காட்டினேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தாமல் கேட்டாள். முடிந்ததும் நிமிர்ந்து, நீ எழுதுறது பொய்யின்னு எனக்குத் தெரியாதா, கப்பல்லயே ஏறாத நீ எத எழுதுவ, ஆனா ஜோசப்பு எங்கிட்ட பொய் சொல்ல மாட்டான், சின்ன வயசுல கண்ணாடி ஒடச்சப்பகூட நேரா எங்கிட்ட வந்து சொன்னவன், அவன் வந்து வாயத் தொறக்காத வரைக்கும் எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆவல என்று சொல்லிவிட்டு மறுபடி செதில் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். நோட்டை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றைக்கு நீ போனில் சொன்னது இரண்டே பேச்சுத்தான், பரிதி போயிட்டாம்மா, கயிறு எங்கையிலதான் இருந்துச்சி என்று. பிறகு நீ அதைப் பற்றிப் பேசவே இல்லை, நானும் கேட்கவில்லை. கயிற்றை விட்டவன் கப்பல்காரன் இல்லை என்று பிலிப்பு சொல்வானே, நீயும் பரிதியும் மாடியில் துணிக்கொடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு கத்துவீர்களே, அந்த வரியை எழுதியவள் நான். கிணற்றுக் கயிற்றைத் தவிர நான் வேறு எந்தக் கயிற்றையும் பிடித்ததில்லை ஜோசப், அதிலும் ஈரக் கயிறு எத்தனை தடவை கையைவிட்டு நழுவி வாளி உள்ளே போயிருக்கிறது என்று அப்பாவைக் கேள். ஒரு அலைக்கும் ஒரு ஆள் கனத்துக்கும் எதிரே கையால் பிடித்து நிற்பது என்றால் என்ன என்று தெரியாமல் பேனாவை வைத்து எழுதிவிட்டேன். அது பொய். பிலிப்பு என்று ஒருத்தன் கிடையவே கிடையாது. உண்மையாக அந்த இடத்தில் நின்றவன் நீ ஒருத்தன்தான், உன்னால் முடிந்ததை நீ செய்தாய், அதை நான் பார்க்காமலே நம்புகிறேன். அந்த வரிக்காக என்னை மன்னித்துவிடு.

நீ வர வேண்டும். லீவு கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வா, வேலை வேறு கிடைக்கும். வந்து மணியம்மா அத்தை எதிரே உட்கார்ந்து நடந்ததை அப்படியே சொல்ல வேண்டும், கயிறு உட்பட. திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள், வாங்கிக்கொள். இதை உனக்காகக் கேட்கவில்லை, எனக்காகவும் இல்லை, அந்த வீட்டில் இரண்டு பேர் வாய்விட்டு அழ வேண்டும், அதற்கு நீ வந்தால்தான் வழி. புத்தகம் உன்னிடம்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதையும் எடுத்துக்கொண்டு வா. பதினான்காம் அத்தியாயத்தின் அந்த இரண்டு பக்கத்தையும் இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன், அது இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டி எடுத்து வா.

காதை மூடிக்கொள், விமானத்தில் காது வலிக்கு மாத்திரை வாங்கி வைத்துக்கொள், மாமாவுக்கும் அத்தைக்கும் எங்கள் அன்பைச் சொல். ஆண்டவர் உன்னை ஒரு குறையும் இல்லாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும், மாதா உன் கூடவே வரட்டும், உன் தலையில் என் கையை வைத்ததாக நினைத்துக்கொள். ஒன்றை மட்டும் மறக்காதே. நேற்று சாயங்காலம் இதை நான் எழுதிக்கொண்டிருந்தபோது மணியம்மா உள்ளே வந்தாள், ஜோசப்புக்கா என்று கேட்டாள், ஆமாம் என்றேன். வரச் சொல்லு, ஆனா என்னிக்கி வரான்னு தெரிஞ்சா எங்கிட்ட சொல்லாத, அது வரைக்கும் எம்புள்ள இருந்துட்டுப் போவட்டும் என்றாள். அதனால் வரும் தேதியை எனக்கும் சொல்லாதே, என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். இறங்கியதும் நம் வீட்டுக்கு வராதே, நேரே அவள் வீட்டுக்குப் போ.

இப்படிக்கு,
உன் அம்மா
ஸ்டெல்லாமேரி