குலுக்கினால் சத்தம் வரும்

மார்ச் 3, செவ்வாய்

ஆறு மாதமாக நான் ஓடி ஓடி அணைத்த விளக்குகள், ஏசியைக் குறைத்து வாங்கிக் கட்டிக்கொண்ட திட்டு, காகிதத்தின் இரண்டு பக்கமும் அச்சடிக்கச் சொல்லிப் போட்ட சண்டை... எல்லாமே கொசுறு என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. மதியம் கூட்டம் ஓய்ந்ததும் சின்ன டாக்டர் எங்கள் கிளினிக்கின் கணக்கைப் போட்டுக் காட்டினார். நாங்கள் சுற்றுச்சூழலுக்குச் செய்யும் கெடுதலில் பெரும் பங்கு மின்சாரம் இல்லையாம், வண்டி இல்லையாம். எழுதிக்கொடுக்கிற மருந்துகளாம். அதிலும் முன்வரிசையில் நிற்பது ஆஸ்துமா இன்ஹேலர்!

"மருந்தை வெளிய தள்ளறதுக்கு அதுக்குள்ள ஒரு வாயு இருக்கு. அதுதான் பூமியச் சூடாக்குது. ஒரு குப்பிய அடிச்சுத் தீர்க்கறதும், காரை எடுத்துக்கிட்டு ஊர் ஊரா சுத்திட்டு வர்றதும் ஒண்ணுதான்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வரவேற்பு மேசையில் உட்கார்ந்து எத்தனை பேருக்கு அந்த மருந்துச் சீட்டை நீட்டியிருப்பேன்! வீட்டில் அக்காவின் தலையணைக்கு அடியிலேயே ஒன்று கிடக்கிறது.

மார்ச் 5, வியாழன்

நோயாளிகள் போட்டுவிட்டுப் போன பழைய இன்ஹேலர்களை எடுத்துக் குலுக்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் உள்ளே சளசளவென்று சத்தம். அழுத்தினால் புஸ்ஸென்று வருகிறது! இருக்க இருக்கவே தூக்கிப் போடுகிறார்கள், புண்ணியவான்கள்.

உட்கார்ந்த இடத்திலேயே எழுதிவிட்டேன். பெரிய அட்டையில், பச்சை மையில்:

"குலுக்கிப் பார், சத்தம் கேள் —
தீரும்வரை தூர எறியாதே!"

எடை பார்க்கும் இயந்திரத்துக்கு மேலே ஒட்டியாயிற்று. நர்ஸ் இடுப்பில் கை வைத்து நின்றாள். "பச்சைக்கிளி, டாக்டருங்ககிட்ட காட்டிட்டியா?" சுற்றுச்சூழல் பைத்தியம் பிடித்த எனக்கு அவள் வைத்த பேர் அது. நல்ல காரியத்துக்கு நாலு பேரையா கேட்பார்கள், போடி என்றேன்.

மார்ச் 6, வெள்ளி

அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். "அடடா, நீயா எழுதின?" என்று இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னாள். பற்பசைக் குழாயைக் கத்தரியால் வெட்டி வழித்துத் தேய்ப்பவள், தேய்ந்த சோப்பைப் புது சோப்பின் முதுகில் ஒட்டி வைப்பவள். அவளுக்குப் பிடிக்காமல் வேறு யாருக்குப் பிடிக்கும்?

மார்ச் 24, செவ்வாய்

புது இன்ஹேலர் கேட்டு வருபவர்கள் கிடுகிடுவென்று குறைந்துவிட்டார்கள். பெரிய டாக்டர் எல்லார் முன்னாலும், "இவங்க ஒருத்தர் போதும், நாம எல்லாம் வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அக்கா காலையில் இருமிக்கொண்டிருந்தாள். கேட்டதற்குத் தூசு என்றாள். அலமாரியை ஒழிக்க வேண்டும்.

ஏப்ரல் 8, புதன்

எழுத்து கோணல்மாணலாக வருகிறது. வரட்டும். எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்துவிட்டேன். அக்கா அதை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்தாள். மாடிப்படி ஏறி வந்தவளுக்குப் பேச்சு வரவில்லை. எடை இயந்திரத்துக்குப் பக்கத்து நாற்காலியில் சரிந்தாள். பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தாள், குலுக்கினாள், அடித்தாள். புஸ். மறுபடி குலுக்கினாள், அடித்தாள். உதடு நீலம் பாரித்துவிட்டது. நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு, "இன்னும் ஒண்ணு அடி அக்கா, இன்னும் ஒண்ணு" என்கிறேன். நான்தான் சொல்கிறேன்!

பெரிய டாக்டர் ஓடி வந்தார். ஆக்ஸிஜன், ஆவி பிடிக்கிற மெஷின், ஊசி. எல்லாம் போட்டுக்கொண்டே அவள் கையிலிருந்த குப்பியைப் பிடுங்கிப் பார்த்தார்.

"இது எப்ப வாங்கினது?"

நர்ஸ் கணினியைப் பார்த்தாள். "பிப்ரவரி நடுவுல, டாக்டர்."

"இது ஒரு மாசத்துக்குத்தானே வரும்!"

"சத்தம் வருதே டாக்டர்!" என்று நான் கத்தினேன். "அடிச்சா வருதே!"

"வர்றது வெறும் வாயுதாம்மா. மருந்து எப்பவோ தீர்ந்துபோச்சு. தீர்ந்த பிறகும் கொஞ்ச நாளைக்கு இப்படிப் புஸ்ஸு புஸ்ஸுன்னு வந்துகிட்டேதான் இருக்கும். இதைக் குலுக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது."

சொல்லி நிமிர்ந்தவர் அட்டையைப் பார்த்தார். அப்போதுதான் முதல் தடவையாக முழுசாகப் படிக்கிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. மறுபடி அக்கா பக்கம் குனிந்துகொண்டார். என்னைத் திட்டியிருக்கலாம்.

மூன்று வாரமாக அக்கா உள்ளே இழுத்தது மருந்தே இல்லை. எந்த வாயுவை ஒழிக்கிறேன் என்று குதித்தேனோ, அதை மட்டும். காலை இரண்டு, மாலை இரண்டு. என் அக்காவுக்கு நானே! ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்.

ஏப்ரல் 9, வியாழன்

தீவிர சிகிச்சைப் பிரிவு. கண்ணாடி வழியாகப் பார்க்க விட்டார்கள். கண் திறக்கவில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தவளுக்குத் திடீரென்று உறைத்தது. அக்கா மட்டுமா அந்த அட்டையைப் படித்தாள்?

கிளினிக்குக்கு ஓடினேன். அட்டையைப் பிய்த்தேன். சுவர்ப் பூச்சும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. நர்ஸ் இன்னொரு தொலைபேசியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்ஹேலர் வாங்கும் ஒவ்வொருவரையும் கூப்பிட்டோம். பெயிண்டர் ஒருவர் சந்தோஷமாகச் சொன்னார்: "நம்மது இன்னும் ஓடுது மேடம்! உங்க போர்டைப் பார்த்ததிலேர்ந்து நான் புதுசே வாங்கல." ஏணி மேல் நின்றுகொண்டு பேசுகிறாராம். "இறங்குங்க, இப்பவே இறங்கி இங்க வாங்க" என்று அலறினேன். பயந்துபோய் வந்தார். தையல்கார அம்மாவும் அதே கதை. தொலைபேசி எடுக்காதவர்களின் வீட்டுக்குச் சின்ன டாக்டரே போய்க் கதவைத் தட்டினார்.

யாருக்கும் எதுவும் ஆகவில்லை. 'யாருக்கும்' என்று எழுதவே கூசுகிறது. அக்காவுக்கு ஆகியிருக்கிறதே.

ஏப்ரல் 13, திங்கள்

கண் திறந்தாள். பேசுகிறாள். குரல் தேய்ந்து போயிருக்கிறது.

மூச்சு முட்டினது உனக்கே தெரிஞ்சிருக்குமே, ஏன் வாயத் திறக்கல என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அழுகை வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

"தெரிஞ்சுதுடி. அடிச்சா நெஞ்சுக்குள்ள இறங்கவே இல்ல. புதுசு வாங்கலாமான்னு கூட நினைச்சேன்" என்றாள். பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, "ஆனா நீ எழுதினதாச்சே. நீ தப்பா எழுதுவியா?" என்றாள்.

அதற்கு மேல் அங்கே என்னால் நிற்க முடியவில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

வேலையை விடுகிறேன் என்றேன். பச்சையும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம், ஏசி ஓடட்டும், விளக்கு எரியட்டும், என்னை விடுங்கள்.

பெரிய டாக்டர், "அந்த அட்டைக்குக் கீழ நின்னுதான் உங்களைப் பாராட்டினேன். விடறதா இருந்தா நானும்தான் விடணும்" என்றார். சின்ன டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தினம் அந்தப் பக்கமாத்தான் நடந்தேன். படிக்கல. வாயுவைப் பத்திச் சொன்ன நான், மருந்து தீர்ந்தா எப்படித் தெரியும்னு சொல்லல. மூச்சு ஒழுங்கா இருக்கறவங்களுக்குத்தான் இன்ஹேலரே குறைவா வேணும். நாம அங்கேர்ந்து ஆரம்பிச்சிருக்கணும்."

அது சரி. அதை மார்ச் மூன்றாம் தேதியே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? வாய்விட்டே கேட்டுவிட்டேன். "சொல்லியிருக்கணும்" என்றார். நான் வேலையை விடவில்லை.

ஏப்ரல் 29, புதன்

வாயு இல்லாத பொடி இன்ஹேலர் அக்காவுக்கு ஒத்துவருமா என்று ஊதல் மாதிரி ஒன்றைக் கொடுத்து இழுக்கச் சொன்னார்கள். பாவம், முகம் சிவக்க இழுத்தாள். பொடியை வேகமாக உள்ளே இழுக்கும் வலு அவளுக்கு இல்லை. பழைய மாதிரிதான் தொடர வேண்டுமாம். ஆனால் இன்னும் எத்தனை தடவை அடிக்கலாம் என்று எண் காட்டும் குப்பி. இருக்கட்டும். பெயிண்டர் பொடிக்கு மாறிவிட்டார். என் அக்கா விடுகிற அந்தச் சூட்டை உலகம் பொறுத்துக்கொள்ளட்டும்.

மே 11, திங்கள்

புது அட்டை ஒட்டினோம். எதுகையும் இல்லை, மோனையும் இல்லை. சத்தத்தை நம்ப வேண்டாம், எண்ணைப் பாருங்கள், தீர்ந்ததைக் கீழே உள்ள பெட்டியில் போடுங்கள், மூச்சு முட்டினால் காத்திருக்காமல் வாருங்கள். அவ்வளவுதான். பெட்டியில் சேர்வதை மருந்துக்கடைக்காரர் வாங்கி, உள்ளே மிச்சமிருக்கும் வாயுவைப் பிடிக்கிற இடத்துக்கு அனுப்பிவைக்கிறார்.

அக்கா இன்று பரிசோதனைக்கு வந்தாள், லிஃப்டில். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. தீர்ந்த குப்பியைக் காதருகே வைத்துப் பழக்கதோஷத்தில் குலுக்கினாள். "சத்தம் வருதுடி" என்று சொல்லிக்கொண்டே பெட்டியில் போட்டாள். பிறகு அட்டைக்கு முன்னால் நின்று, விரல் வைத்து வரி வரியாகப் படித்தாள்.

"நீ எழுதினதா?"

"ஆமா அக்கா."

என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபமில்லை, குத்தலும் இல்லை.

"டாக்டர் பார்த்தாரா?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேரும் பார்த்தாச்சு."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.