விமலா, படகை விற்கவில்லை

என் அன்பான கேப்டன் விமலாவுக்கு,

தலைப்பிலேயே சொல்லிவிட்டேன். சுற்றி வளைத்தால் உனக்குப் பிடிக்காது.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. நம் பாய்மரப் படகு அந்தக் கிரேக்கத் தீவில், கரையேற்றிய மற்ற படகுகளுக்கு நடுவே முட்டுக்கொடுத்து நிற்கிறது. நானும் பெங்களூரு ஆஸ்டின் டவுன் வீட்டில் ஏறக்குறைய அதே நிலையில்தான் நிற்கிறேன். வருடத்துக்குத் தொண்ணூறு நாள், விசா தீரும்வரை, மத்தியதரைக் கடலில் தீவு தீவாகக் குடித்தனம் நடத்தினோம் என்று சொன்னால், கேட்பவர்கள் மரியாதையாக என் மாத்திரைகளைப் பற்றி விசாரிக்கிறார்கள்.

வெள்ளைக்காரர்கள் படகில் வாழத் தண்ணீர்ச் சிக்கனம் பற்றிப் புத்தகம் வாங்கிப் படிப்பார்கள். நாம் இருநூறு லிட்டர் தொட்டியில் பத்து நாள் ஓட்டினோம். பக்கத்துப் படகு ஜெர்மானியர் உன்னிடம் ரகசியம் கேட்டார், நினைவிருக்கிறதா? "பெங்களூரு" என்று மட்டும் சொல்லிவிட்டு நீ உள்ளே போய்விட்டாய்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் தம்பி முரளி வந்தான். அந்தத் தீவிலேயே படகை வாங்க ஒருவரைப் பிடித்து, கையெழுத்துக்குத் தாளும் கொண்டுவந்திருந்தான்.

"மாமா, ஓட்டினது அக்கா. கயிறு பிடிச்சது நீங்க. டிரைவர் இல்லாத பஸ்ல கண்டக்டர் மட்டும் எங்க போறது?"

நியாயமான கேள்வி. நங்கூரத்தைப் போட்டுவிட்டு, இரண்டு படகுகளுக்கு நடுவே நம் படகைப் பின்பக்கமாகத் துறைக்குள் நுழைப்பவள் நீ. கயிற்றோடு நிற்பவன் நான். "யோவ், கயிறைப் பாருய்யா! பக்கத்துப் படகு அம்மா என்ன சாப்பிடுறாங்கன்னு அப்புறம் பாத்துக்கலாம்!" என்று நீ கத்தியதை எத்தனை துறைமுகங்கள் கேட்டிருக்கும்? மற்ற தம்பதிகள் அந்த இடத்தில் விவாகரத்து வரை போனார்கள். நமக்கு அது வழக்கமான குடும்பப் பேச்சு.

முரளிக்கு அதுவரை தெரியாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். நீ போன பிறகு, சொந்தக்காரர் கல்யாணம் என்று சொல்லிவிட்டு இரண்டு முறை சென்னைக்குப் போனேன். படகோட்டும் தேர்வு எழுத. முதல் முறை ஒரு மிதவையை நேராகப் போய் இடித்தேன். "சார், அது நகராது சார். நீங்கதான் நகரணும்" என்றார் பயிற்சியாளர். இரண்டாம் முறை நகர்ந்தேன். சான்றிதழ் வந்துவிட்டது. முரளியின் தாளுக்குப் பக்கத்தில் அதை வைத்தேன்.

அதை இரண்டு முறை படித்துவிட்டு, அவன் கடைசி ஆயுதத்தை எடுத்தான்.

"இன்னும் வருஷம் திரும்பல மாமா. துக்க வீட்டுக்காரங்க மலை ஏறக் கூடாதுன்னு தெரியுமில்ல?"

"தெரியும்ப்பா. பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல மூவாயிரம் அடி. முறைப்படி பாத்தா நான் இப்பதான் தப்பான இடத்துல உக்காந்திருக்கேன். இறங்கப் போறேன்."

அவன் சிரிக்கவில்லை. "அக்கா இருந்திருந்தா உங்களைத் தனியா விட்டிருக்குமா?" என்று கேட்டான். குரல் உடைந்திருந்தது. அவன் பயப்படுவது படகுக்காக இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

விட்டிருப்பாயா, விமலா? காற்றே இல்லாத நாளில்கூட என்னிடம் சுக்கானைத் தந்ததில்லையே நீ. அதற்குக் காரணம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இது அனுமதி கேட்டு எழுதும் கடிதம் இல்லை. ஒரு மரணம் ஒருவனிடமிருந்து எதையெல்லாம் பிடுங்கலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு. உன்னை எடுத்துக்கொண்டது. கடலையும் சேர்த்துக் கேட்டால் தரமாட்டேன்.

தாளின் குறுக்கே 'விற்பனைக்கு இல்லை' என்று எழுதி முரளியிடம் கொடுத்தேன். காபியும் கொடுத்தேன். காபியை மட்டும் மீதி வைத்துவிட்டுப் போனான்.

அடுத்த மாதம் படகைத் தண்ணீரில் இறக்குகிறார்கள். முதல் பயணம் எதிர்த் தீவுக்கு, இரண்டு மணி நேரம்தான், காற்று எழும்புமுன் காலையிலேயே. பயம் வந்தால் பயந்துகொண்டே ஓட்டுவேன். அங்கே துறைமுக அலுவலகத்தில் படகில் உள்ள ஆட்களின் பட்டியல் கேட்பார்கள். கேப்டன் என்ற இடத்தில் என் பெயரை எழுதுவேன். அதற்கு அடுத்த வரியில், இத்தனை வருடம் உன் பெயருக்குக் கீழே என் பெயர் இருந்த இடத்தில், யார் பெயரையும் எழுத மாட்டேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

உன்னைக் கட்டிக்கொண்டதால் கடலுக்கு வந்த வீட்டுக்காரன்,
தனபால்