பொருட்படுத்தும் அளவுக்கு இல்லாத கரி

அன்பு மகள் டெல்ஃபினுக்கு அப்பா எழுதுவது. இங்கே மொன்டானாவில் நானும் கிழட்டுக் குதிரைகள் இரண்டும் நலம், அலாஸ்காக் குளிரில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், அம்மா படுத்திருக்கும் மேட்டைக் கம்பெனிக்காரன் இனிமேல் தொட முடியாது. மேல்மண் நம்முடையது, அடியில் கிடக்கும் நிலக்கரி மட்டும் அவனுடையது என்று உன் கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து நடந்துவந்த கூத்து போன வாரம் முடிந்தது. அவன் அந்தக் கரியை நம் பழங்குடி மக்கள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டான், பதிலுக்கு அரசாங்கம் வேறு இடத்தில் கரியுள்ள தன் நிலத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டது.

நடுவில் எனக்குத் தூக்கமே போய்விட்டது. இதற்கான மசோதா வாஷிங்டனில் இருந்தபோது, இப்படி மாற்றிக்கொண்டால் அரசாங்கத்துக்கு எவ்வளவு வருமானம் போகும் என்று பட்ஜெட் ஆட்கள் கணக்குப் பார்த்தார்கள். பெரிய தொகை என்று எழுதியிருந்தால் முன்பு போலவே கிடப்பில் போட்டிருப்பார்கள். கொடுக்கப்போகும் நிலத்தில் இப்போதைக்கு யாரும் கரி வெட்டப்போவதில்லை, அதனால் வரவில் விழும் குறை பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை என்று எழுதிவிட்டார்கள். நம் மன்றத்து ரோவினா அதைக் கூட்டத்தில் வாசித்ததும் உன் மாமா கிளிஃபோர்டுக்குக் கோபம் வந்துவிட்டது. நம்மளயும் நம்ம கரியையும் ஒரு பொருட்டே இல்லன்னு எழுதிருக்கான், நீங்க என்னடான்னா கை தட்டுறீங்க என்று கத்தினார். அதற்கு ரோவினா, காலம் பூரா நம்மள அப்படித்தான சொன்னாங்க அண்ணே, இந்த ஒரு தடவதான் அதனால நமக்கு லாபம், உக்காந்து காப்பியக் குடிங்க என்றாள். எனக்கும் அந்தச் சொல் உறுத்தத்தான் செய்தது, ஆனாலும் உயிர் திரும்பி வந்தது போல இருந்தது.

அம்மாவுக்குக் குழி வெட்டிய அன்று மாமாவின் மண்வெட்டியில் ஒரு கரித்துண்டு வந்ததே, ஞாபகம் இருக்கிறதா. நான் எடுத்துப் பையில் போடப் போனேன். மச்சான், அத உள்ள போட்டுரு, கம்பெனி சொத்து, நீ திருட்டு கேஸ்ல உள்ள போனா என் தங்கச்சி சிரிப்பா என்றார். அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். திரும்பப் போட்டபோது, மகளே, அவளை அடுத்தவன் வீட்டில் விட்டுவிட்டு வருகிற மாதிரி இருந்தது. அதை அன்று உன்னிடம் சொல்லவில்லை.

இனி வெட்டலாமா வேண்டாமா என்று நமக்குள்ளேயே அடித்துக்கொள்ளப் போகிறோம், மாமா இப்போதே ஆரம்பித்துவிட்டார். அடித்துக்கொள்ளட்டும், அந்த மேட்டை மட்டும் விட்டுவிடுவோம் என்று எல்லோரும் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். நீ வண்டி டயரை மாற்று, வேலை வேலை என்று சாப்பிடாமல் கிடக்காதே. நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவும் அதைத்தான் விரும்புவாள். கோடையில் கட்டாயம் வா. நேற்று மேட்டில் வளை தோண்டிய ஏதோ ஒரு பிராணி இரண்டு கரித்துண்டுகளை வெளியே தள்ளியிருந்தது. ஒன்றை அம்மாவின் தலைமாட்டில் வைத்தேன். மற்றது உன் அறை ஜன்னலில் இருக்கிறது, யாரையும் கேட்காமல் எடுத்தது.

உன் அப்பா,
வெர்னன்