கூட்டம் கலையாமல் இருக்க

ராஜபாளையம்,
வியாழக்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

அன்னத்தாய் எழுதிக்கொள்வது. போனில் பேசினால் ரெண்டே வார்த்தையில் என்னைச் சிரிக்க வைத்துவிடுவீர்கள். சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால்தான் கச்சேரிக்கு ரிதம் பேட் எடுக்க வந்த உங்கள் குழு நவாஸ் தம்பியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தண்ணீர் மோட்டாரைச் சரிபண்ணியாயிற்று.

நேற்று மகாராஜபுரத்திலிருந்து ஒரு பெரியவரும் அவர் சம்சாரமும் வந்தார்கள். பாட்டுக்கார மைக்கேல் வீடு இதுதானே என்று கேட்டார்கள். கச்சேரி நோட்டீஸில் இருந்த விலாசமாம். வத்திராயிருப்புப் பொங்கல் கச்சேரியில், செத்துப்போன பெண்டாட்டியை நினைத்து நீங்கள் பாடியதைச் சொல்லி, அந்தம்மா இங்கேயும் அழுதார். அவருக்கு ஒரு தங்கச்சி மகள் இருக்கிறாளாம், பெயர் ஜூடி, புருசனை இழந்தவள். அவளை உங்களுக்குப் பேச வந்திருக்கிறார்கள்.

அன்றைக்குப் பாட்டு எடுபடாமல் சனங்கள் பாயைச் சுருட்டியதும், வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று, பொண்டாட்டி செத்துட்டான்னு ஒரு வார்த்தை விட்டேன், அம்புட்டுப் பேரும் உட்கார்ந்துட்டாக என்று நீங்கள் சொன்னபோது நானும்தான் சிரித்தேன். இப்போது அந்தப் பொண்டாட்டி பாட்டு உண்டுமா என்று கேட்டுத்தான் புக் பண்ணுகிறார்கள். நான் கச்சேரிக்கு வரக்கூடாது, வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறக்கூடாது. அந்தப் பாட்டை விட்டால் குழுவில் எல்லார் வீட்டு அடுப்பும் அணைந்துவிடும் என்கிறீர்கள். அதுவும் பொய்யில்லை.

பெரியவர் என்னைப் பார்த்து, நீ அவருக்கு என்ன வேணும் தாயி என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் மேடையில் கல் வந்து விழும். தாலியை ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டு, தங்கச்சி என்றேன். அந்தம்மா என் கையைப் பிடித்து, மதினி போன பொறவு நீதான் அண்ணனுக்குச் சோறு பொங்கிப் போடுதியா என்றார். ஆமாம் என்றேன். காப்பி போடப் போனவள் அடுப்படியில் நின்று அழுதேன். கோபம்தான், வேறென்ன.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜூடியையும் கூட்டிக்கொண்டு வருகிறார்களாம். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? சனிக்கிழமை கூட்டத்தைப் பிடித்துவைக்க ஜோக் சொல்லுங்கள், விசில் அடியுங்கள், கீழே இறங்கி ஆடுங்கள். மறுநாள் என் பக்கத்தில் நின்று, நான் யார் என்று அவர்களிடம் நீங்களே சொல்லுங்கள். இன்னொரு பொய்க்கு எனக்குத் தெம்பில்லை.

தொண்டைக்கு வெந்நீர் குடியுங்கள். ஆண்டவர் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். செபம் பண்ணும்போது எனக்கும் கொஞ்சம் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி
அன்னத்தாய்