றிப்ஷான் அழுத்திய பதினேழு நிமிடம்

ஜூன் 9, 2025

கரடியனாறு அரிசி ஆலையில் மோட்டர் வேலை. கூட வேலை செய்யும் றிப்ஷான் ஒவ்வொரு வயரையும் இரண்டு தரம் மீற்றர் வைத்துப் பார்க்கிறான். ஏசினேன். "மீற்றர் வெச்சா உன்ட கை தேஞ்சா போகும்?" என்றான்.

வீட்டில் பெரிய செய்தி. ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் குளத்தில் சதீசன் அண்ணனுக்குப் பிதிர்க்கடன் செய்ய அம்மா சம்மதித்துவிட்டார். 2006இல் கதிரவெளியிலிருந்து இடம்பெயர்ந்த அன்று காணாமற்போனவர். பத்தொன்பது வருடமாக வெள்ளிக்கு வெள்ளி அவர் பெயரில் அர்ச்சனை. உயிரோடு இருப்பவர்களுக்குத்தானே அர்ச்சனை? நான்தான் சண்டை பிடித்து ஒப்பவைத்தேன்.

ஜூன் 20

ஆஸ்பத்திரி.

12ஆம் திகதி கரண்ட் பிறேக்கரை நிறுத்தாமல் மோட்டர் வயரில் கை வைத்தேன். அவசரம். என் பிழைதான். இதயம் நின்றுவிட்டது. அம்புலன்ஸ் வந்து ஷொக் கொடுக்கும்வரை றிப்ஷான் நெஞ்சை அழுத்தியிருக்கிறான். பதினேழு நிமிடம். மூன்று விலா முறிவு.

நான் செத்திருந்தேன். எழுதிப் பார்த்தாலும் நம்ப முடியவில்லை.

ஜூன் 21

வருகிறவர்களெல்லாம் என்ன கண்டாய் என்கிறார்கள். ஒன்றுமில்லை. இருட்டுக்கூட இல்லை. இருட்டென்றாலும் பார்க்க ஒரு ஆள் வேண்டுமே.

ஜூன் 23

தன்னாமுனை, வீடு. எல்லோரும் போனபிறகு அம்மா கட்டிலில் வந்து இருந்தார்.

"அங்க அண்ணனக் கண்டியா மனே?"

எனக்குப் பொய் வராது. "அங்க ஒண்டுமில்லம்மா. ஒருத்தரையும் காணல்ல."

அம்மாவின் முகம் அப்படி மலர்ந்து நான் கண்டதில்லை. "அப்ப அவன் அங்க இல்ல. உசிரோடதான் இரிக்கான்."

நான் சொன்னது அதுவா?

ஜூன் 24

என்ன செய்துவிட்டேன்.

ஜூலை 2

பிதிர்க்கடன் இல்லையாம். அம்மா அண்ணனின் படத்தைப் புதிதாகப் பிரதி எடுத்திருக்கிறார். சாப்பாட்டில் அவருக்கென்று ஒரு பொரித்த மீன் எடுத்து வைக்கிறார். "என்ட சின்னவன் போய்ப் பாத்துட்டு வந்தவன்" என்று அயல் முழுக்கச் சொல்கிறார். நான் சாட்சி. விளக்கம் சொல்ல வாயெடுத்தேன் — "நீ களைச்சுப் போனாய், படு."

ஜூலை 10

றிப்ஷான் வந்தான். ஏன் அழுத்துவதை நிறுத்தவில்லை என்று கேட்டேன். அஞ்சு நிமிடத்திலேயே நான் செத்துவிட்டேன் என்று ஆலைக்காரர் சொன்னார்களாமே.

"நான் நிப்பாட்டினா நீ மௌத்தாப் போய்ட்டாய் எண்டு நானே சொன்ன மாதிரி மச்சான். அத சொல்ல நான் ஆரு?" பிறகு, "உன்னப் போல அவசரக்காரனெண்டா ரெண்டு நிமிசத்தில வேன் புடிச்சு மையத்த ஊட்டுக்கு அனுப்பியிருப்பான்."

சிரித்தேன். விலா நொந்தது. அவன் போனபிறகு அழுதேன். ஏனென்று தெரியவில்லை.

ஜூலை 18

அண்ணனைத் தேடி அம்மா படத்தோடு மூன்று காரியாலயம் ஏறி இறங்கிவிட்டார். பழைய கோப்பே இல்லையாம். இன்று மீன் எடுத்து வைக்கவில்லை.

ஜூலை 24, ஆடி அமாவாசை

மாமாங்கம். கால் வைக்க இடமில்லை. குளக்கரை முழுக்கப் பிதிர்க்கடன் செய்ய ஐயர்மார். கோயிலுக்குள்ளே அர்ச்சனைச் சீட்டு. இரண்டுக்கும் நடுவில் அம்மா நின்றுவிட்டார்.

"நீ சொல்லு மனே. நீதான் போய் வந்தவன்."

குளக்கரை என்று சொல்லியிருக்கலாம். இரண்டு மாதத்துக்கு முன் கேட்டிருந்தால் கேள்வி முடியுமுன்னே சொல்லியிருப்பேன். ஆனால் நான் கண்டது என்ன? ஒன்றுமில்லை. நான் இல்லாத அந்தப் பதினேழு நிமிடமும் இருந்தது றிப்ஷானின் இரண்டு கை மட்டும்தான். அவனுக்கும் ஒன்றும் தெரியாது. அழுத்தினான்.

"எனக்குத் தெரியாம்மா."

கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். சனம் நெரித்ததில் விலா திரும்ப நொந்தது.

"பேர், நட்சத்திரம்?" என்று அர்ச்சனைச் சீட்டு எழுதுபவர் கேட்டார்.

அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"சதீசன்," என்றேன். "பூராடம்."