மெயின்டனன்ஸ் ஆள் வரும்வரை

இன்று காலை வந்த மின்னஞ்சலில் உன் படம் இருந்தது. நம் பயிற்சிப் படத்தை எடுத்துக் கொடுத்த வீடியோ நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அனுப்பியிருந்தாள். நீலத் தொப்பியும் மஞ்சள் கையுறையுமாக நீ சிவப்புப் பொத்தானை அழுத்தும் காட்சி. கீழே, இந்த மேடம் இன்னும் உங்களிடம் வேலை செய்கிறார்களா, கேமரா முன்னால் இயல்பாக இருக்கிறார்கள், புதுப் படத்துக்கும் இவர்களே கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று எழுதியிருந்தாள்.

அவளுக்கு எப்படித் தெரியும், பாவம். டீ ஆறி ஆடை படியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'இல்லை' என்று ஒரே சொல்லைப் பதிலாக அனுப்பினேன். மிச்சத்தை உனக்குத்தான் எழுத வேண்டும்.

அந்தக் கையுறை நினைவிருக்கிறதா? படப்பிடிப்புக்கென்று ஸ்டோர்ஸில் புதிதாக ஒரு ஜோடி கொடுத்தார்கள், முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். விரல் நுனி கிழிந்த பழையதை மாட்டிக்கொண்டே, "ஹீரோயினுக்கு மேக்கப் கலைஞ்சிச்சு, வா, வேலையப் பாப்போம்" என்றாய். அன்று முழுக்க லைனில் அதுதான் சிரிப்பு. நாம் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி பஸ் ஏறினால் ஒரகடம் வரை ஒரே சீட்டில் வாயடித்துக்கொண்டு வந்தவர்கள். நான் பயிற்சிப் பிரிவுக்கு மாறினேன், நீ ஐந்தாம் லைனிலேயே நின்றாய். "உனக்கு ஏ.சி., எனக்கு அனல்" என்று குத்திக்காட்டுவாய். ஆனாலும் சாப்பாட்டு டப்பாவை என்னோடுதான் திறப்பாய்.

என்ன மாதிரிப் படம் வேண்டும் என்று, படம் எடுக்கும் சப்ளையருக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தது நான்தான். உன் வேலையை அதில் அழகாகவே விளக்கியிருந்தேன். கம்பி வேலிக்குள் ரோபோட் நிற்கிறது, மெஷினிலிருந்து சூடான பிளாஸ்டிக் பாகத்தை எடுத்து வெளியே வைக்கிறது, வேலிக் கதவு திறந்தால் எல்லாம் தானே நின்றுவிடும். பாகம் சிக்கினால் பொத்தானை அழுத்த வேண்டும், மெயின்டனன்ஸுக்குப் போன் செய்ய வேண்டும், ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். படம் ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்றும் எழுதினேன்.

முதல் தடவை போட்டுக் காட்டியபோது எல்லோரும் கை தட்டினார்கள். நீ மட்டும் என்னை ஓரமாக இழுத்துப் போனாய்.

"இன்னாடி இது? நான் போனை வெச்ச உடனே ஆள் வந்து நிக்கிறாரு. எனக்கு ஒருநாளாவது அப்டி வந்துகீறாங்களா? நடுவுல அரை மணி நேரம் கீதே, அத்த எங்க வெட்டிப் போட்ட?"

சும்மா நிற்பதை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை. "அந்த அரை மணி நேரத்துலதான்டி எல்லாமே நடக்குது" என்றாய்.

எனக்குத் தெரியாததா என்ன? போர்டுக்குப் பின்னால் ஆணியில் டம்மி சாவி தொங்கியது எனக்கும் தெரியும். அதைக் கதவுப் பூட்டில் சொருகிவிட்டால் கதவு மூடியிருப்பதாக மெஷின் நினைத்துக்கொள்ளும், திறந்துவைத்தே ஓட்டலாம், உள்ளே போய்ச் சட்டென்று எடுத்துவிட்டு வரலாம். மணிக்கு இத்தனை பாகம் என்று எழுதும் அந்தப் போர்டில் உன் லைன் மட்டும் குறைந்தால் சூப்பர்வைசர் உன்னைத்தான் கேட்பார். மெயின்டனன்ஸை யாரும் கேட்பதில்லை. இதெல்லாம் தெரிந்திருந்தும் குறிப்பில் ஒரு வரிகூட எழுதாமல் விட்டேன். சரியாகச் செய்யவிடாமல் ஆட்களைத் தடுப்பது எது என்று அந்தக் குறிப்புக்கான படிவத்திலேயே ஒரு கேள்வி இருந்தது. 'விழிப்புணர்வுக் குறைவு' என்று நிரப்பினேன்.

அது நடந்த அன்று மதியம் நான் கேன்டீனில் இருந்தேன். நீ மெயின்டனன்ஸுக்கு இரண்டு முறை போன் செய்திருக்கிறாய், இரண்டும் பதிவாகியிருக்கின்றன. இரண்டாவதற்குப் பிறகும் பத்து நிமிடம் நின்றிருக்கிறாய். பிறகுதான் சாவியைப் போட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறாய். சிக்கிய பாகம் விடுபட்டதும் ரோபோட் தன் வேலையைத் தொடர்ந்தது. மெயின்டனன்ஸ் ஆள் வந்து சேர்ந்தபோது நீ உயிரோடு இல்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: இவருக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டதா? வருகைப் பதிவேட்டில் உன் கையெழுத்தைக் காட்டி ஆமாம் என்றேன். பயிற்சிப் படத்தில் நடித்ததே இவர்தான் என்று மேனேஜர் சேர்த்துக்கொண்டார். உன் இரண்டு அழைப்புகளைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. பயிற்சியை மீறியதால் நேர்ந்தது என்று எழுதி முடித்தார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன் அம்மாவை வழியில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன்.

டம்மி சாவிகளை எல்லாம் பொறுக்கி எடுத்தார்கள். கொஞ்ச நாள் லைன் நின்று நின்று ஓடியது. போன வாரம் போய்ப் பார்த்தேன், போர்டுக்குப் பின்னால் புதிதாக ஒன்று தொங்குகிறது. யார் மாட்டியது என்று கேட்டேன். எல்லோரும் குனிந்து வேலையைப் பார்த்தார்கள்.

அன்றே புதுப் படத்துக்கான குறிப்பை எழுதினேன். அதே கேள்விக்கு இந்த முறை, 'போன் செய்தாலும் அரை மணி நேரம் ஆள் வருவதில்லை, சாவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, நின்ற நேரத்துக்கு ஆபரேட்டரே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது' என்று நிரப்பினேன். படம் யார் பார்ப்பதற்கு என்ற இடத்தில் மேலாளர்கள் எல்லோரையும் சேர்த்தேன். மேனேஜர் கோபப்படவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இதை எழுதினா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்மா" என்றார். சப்ளையருக்குப் போன பிரதியில் மறுபடியும் 'விழிப்புணர்வுக் குறைவு' இருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் அந்தப் பெண் உன்னைக் கேட்டிருக்கிறாள்.

இன்று பத்து மணிக்குப் புது பேட்ச் வந்தது. சுங்குவார்சத்திரம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பன்னிரண்டு பெண்கள். நான் படத்தைப் போடவில்லை. பாகம் சிக்கிவிட்டது, பொத்தானை அழுத்தியாயிற்று, போன் செய்தாயிற்று, இனி ஆள் வரும்வரை காத்திருங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, எத்தனை பாகம் குறைந்தது என்று பலகையில் எழுதினேன். முதலில் சிரித்தார்கள். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அப்புறம் பலகையை மட்டுமே பார்த்தார்கள்.

திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி முன் வரிசையில் இருந்தாள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் எழுந்து நின்றாள்.

"எக்கா, ரொம்பக் கொறையுதே. நானே உள்ள போயி டக்குனு எடுத்துட்டு வந்துரட்டுமா?"

மற்றவர்கள் தலையாட்டினார்கள். அந்த அறையில் மெஷின் இல்லை, சூப்பர்வைசர் இல்லை, சாவி என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அவளைத் திட்ட வாயெடுத்தேன், முடியவில்லை. கொடுத்த வேலையை நிற்கவிடக் கூடாது என்று நினைக்கும் நல்ல பெண். நீயும் அப்படித்தான் இருந்தாய்.

விசாரணையில் நான் சொன்ன, உனக்குக் கேட்காத அந்த 'ஆமாம்' இன்னும் என் வாயிலேயே இருக்கிறது. யார் எது கேட்டாலும் முதலில் அதுதான் வந்து நிற்கிறது. சாயங்காலம் பணி ஒதுக்கீட்டுத் தாள் கையெழுத்துக்கு வந்தது. பயிற்சி முடிந்தது என்று நான் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்தத் திருநெல்வேலிப் பெண்ணுக்கு ஐந்தாம் லைன் எழுதியிருக்கிறார்கள்.

நான் கையெழுத்துப் போடவில்லை. காலையில் மேனேஜர் கேட்பார். நான் போடாவிட்டால் போடுவதற்கு ஆளா இல்லை?